பழைய காருக்கு இன்னும் செலவு செய்வதா, மாற்றுவதா: நான் பட்ட பாடும் போட்ட கணக்கும்

எங்கள் கார் 2010 நவம்பரில் பதிவான சின்ன பெட்ரோல் கார். எந்தக் கம்பெனி என்பது வேண்டாம், பதினைந்து வயதை நெருங்கும் எந்தக் காருக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான். 2025 ஜனவரியிலிருந்து ஜூன் வரை அதற்கு நான் தண்டம் அழுதது 72,400 ரூபாய். அக்டோபரில் அதே கார் பழைய இரும்பு விலைக்குப் போனது, கையில் வந்தது 23,000. வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான், தம்பி மஸ்கட்டில் இருக்கிறான். அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் இன்னும் சரியாக வரவில்லை, ஆட்டோவில் ஏற்றி இறக்குவது பெரும்பாடு. பிசியோதெரபி, மாதச் செக்கப், ஊருக்குப் போய்வருவது எல்லாவற்றுக்கும் இந்தக் கார்தான். எனக்கு ஓட்டத் தெரியும். பானெட்டைத் திறந்தால் எது பேட்டரி என்பதைத் தவிர வேறு ஒன்றும் தெரியாது. இந்த நிலையில் இருப்பவர்கள் இன்னும் நிறையப் பேர் இருப்பார்கள் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

வருடத் தொடக்கத்தில் கிளட்ச் வழுக்க ஆரம்பித்தது. தாம்பரம் மேம்பாலத்தில் ஏறும்போது இஞ்சின் இரையும், வண்டி மட்டும் நகராது. எங்கள் ஏரியாவில் எல்லோரும் பாய் என்று கூப்பிடும் மெக்கானிக்கிடம் விட்டேன். கைசுத்தமான மனிதர், வேலையும் சுத்தம். கிளட்ச் செட் மாற்ற 9,200. அதைக் கழற்றும்போதே லோயர் ஆர்ம் புஷ் போய்விட்டது, முன்பக்க ஷாக் அப்சார்பர் கசிகிறது என்றார். அது 11,500. மார்ச்சில் ஏசி காலை வாரியது. கண்டென்சரில் ஓட்டை, புதுசு போட்டு கேஸ் நிரப்ப 14,800. ஒவ்வொரு முறையும் சாவியைக் கொடுக்கும்போது அவர் சொன்னது ஒன்றுதான்: "இதோட கவல விட்டுது டீச்சர். இஞ்சின் கல்லு மாதிரி இருக்கு, இன்னும் அஞ்சு வருஷம் ஓடும்." அவர் பொய் சொல்லவில்லை. அவர் பார்த்தது இஞ்சினை, அதைப் பற்றித்தான் சொன்னார். அந்த அஞ்சு வருஷத்தை முழுக் காருக்கும் கொடுத்த உத்தரவாதமாக நான் எடுத்துக்கொண்டேன். பணம் பத்தாயிரம் பத்தாயிரமாகப் போகும்போது உறைப்பதில்லை. இப்போது எல்லா பில்லையும் ஒரே ஃபைலில் போட்டு, மேல் அட்டையில் கூட்டுத்தொகையைப் பென்சிலால் எழுதி வைக்கிறேன். அடுத்த எஸ்டிமேட் வரும்போது அந்த எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் சரி என்று சொல்கிறேன்.

மே விடுமுறையில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு திண்டிவனம் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்குப் போனேன். திரும்பி வரும்போது மேல்மருவத்தூர் தாண்டியதும் ஏசியிலிருந்து சூடான காற்று வந்தது. மறுபடி கேஸ் போய்விட்டதாக்கும் என்று எரிச்சலோடு ஜன்னலை இறக்கிவிட்டு ஓட்டினேன். பல கார்களில் இஞ்சின் அளவுக்கு மீறிச் சூடானால் ஏசி கம்ப்ரசர் தானாக நின்றுவிடும், அது ஒரு முன்னெச்சரிக்கை என்று பிறகுதான் தெரிந்தது. மதுராந்தகம் வருவதற்குள் டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டுவிட்டது, பானெட் ஓரத்தில் ஆவி. ஓரங்கட்டினேன். உச்சி வெயில், உள்ளே நடக்க முடியாத அம்மா, பக்கத்தில் லாரிகள் உறுமிக்கொண்டு போகின்றன. சத்தியமாகச் சொல்கிறேன், ஸ்டியரிங்கில் தலை வைத்து அழுதேன். கொஞ்ச தூரத்தில் இளநீர் விற்றுக்கொண்டிருந்தவர் வந்து, "அம்மாவ மொதல்ல எறக்குங்க, நெழல்ல உக்காரட்டும்" என்று தன் ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார். ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போன என் கையைத் தட்டிவிட்டவரும் அவர்தான். உள்ளே அழுத்தத்தோடு கொதித்துக்கொண்டிருக்கும் தண்ணீர் அப்படியே முகத்தில் அடிக்கும். சூடான இஞ்சின்மேல் பச்சைத் தண்ணீரை ஊற்றவும் கூடாது, இஞ்சினின் மேல்பகுதியான ஹெட் விரிசல் விடும்.

முள் ஏறுவது தெரிந்த உடனே செய்ய வேண்டியது, ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, நிறுத்த ஏதுவான முதல் இடத்தில் நிறுத்துவது. ஹீட்டர் இஞ்சின் சூட்டில் கொஞ்சத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். வேகும்தான், ஆனால் அந்த இரண்டு நிமிட வேக்காடு முப்பதாயிரத்தை மிச்சப்படுத்தலாம். தேசிய நெடுஞ்சாலையில் மாட்டிக்கொண்டால் 1033-க்கு அடியுங்கள். ரோந்து வண்டி வந்து பாதுகாப்பான இடத்துக்கு நகர்த்த உதவியது. அங்கிருந்து தாம்பரம் வர தனியார் டோ வண்டிக்கு 5,500 கேட்டார்கள், பேரம் பேசும் தெம்பு எனக்கு இல்லை. இன்சூரன்சில் சில நூறு ரூபாய்க்கு ரோட்சைடு அசிஸ்டன்ஸ் சேர்த்துக்கொள்ளலாம். வண்டி பழசாகிவிட்டால் சில நிறுவனங்கள் தருவதில்லை, அப்போது தனியாக ஆண்டுச் சந்தா கட்டும் சேவைகளை விசாரித்து வையுங்கள். பழைய வண்டிக்குத்தானே அது அதிகம் தேவை.

பாய் ஆயில் மூடியைத் திருகி எடுத்து, திருப்பி என் கண்ணுக்கு நேரே காட்டினார். அடிப்பக்கம் முழுக்கப் பால் அதிகமாக விட்ட காபி நிறத்தில் ஒரு பசை. இஞ்சின் ஆயிலில் தண்ணீர் கலந்தால் அப்படித்தான் ஆகுமாம். ஹெட்டுக்கும் இஞ்சினின் கீழ்ப்பகுதிக்கும் நடுவில் கசியாமல் அடைக்கும் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது. எஸ்டிமேட் 18,000 என்றார், முடிந்தபோது பில் 31,400. இந்த இடைவெளி எப்படி வருகிறது என்று புரிந்துகொண்டது பின்னால் உதவியது. கேஸ்கெட் விலை கொஞ்சம்தான். ஹெட்டைக் கழற்றிய பிறகே அது சூட்டில் வளைந்திருக்கிறதா என்று தெரியும். வளைந்திருந்தால் லேத்துக்கு அனுப்பிச் சமமாக்க (ஃபேஸிங்) வேண்டும். திறந்ததுதான் திறந்தோம் என்று டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், கடைசியில் எல்லாவற்றுக்கும் காரணமான அடைத்துப்போன ரேடியேட்டர் என்று வரிசையாகச் சேரும். எல்லாமே தேவையானவைதான். அதனால் பெரிய வேலைக்கு எஸ்டிமேட் கேட்கும்போது ஒரு தொகையோடு விடாதீர்கள். "திறந்து பார்த்து நல்லா இருந்தா எவ்வளவு, மோசமா இருந்தா எவ்வளவு?" என்று இரண்டாகக் கேளுங்கள். எந்தத் தொகையைத் தாண்டினால் உங்களைக் கேட்காமல் கைவைக்கக் கூடாது என்று சொல்லிவையுங்கள், வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே அனுப்புங்கள். கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பிக் கேளுங்கள். என்ன பாகம் என்று நமக்குத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, கேட்கும் ஆள் என்று தெரிந்தாலே கணக்கு கவனமாக வரும். ரேடியேட்டருக்குக் கம்பெனி ஸ்பேர் வர நாளாகும் என்றதால் பாய் சென்னையில் பழைய பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையிலிருந்து ஒன்று எடுத்துவந்தார். பழைய மாடல் என்றால் கம்பெனி ஸ்பேர் குறைந்துகொண்டே வரும், அப்புறம் புதுப்பேட்டைதான் கதி. கண்ணாடி, கதவு, பம்பர் போன்றவற்றை அங்கே தாராளமாக வாங்கலாம். பிரேக், ஸ்டியரிங் சம்பந்தப்பட்ட எதையும் பழசாக வாங்காதீர்கள் என்று பாயே சொன்னார்.

கார் ஒர்க்‌ஷாப்பில் கிடந்த காலத்தில் கால் டாக்சியில்தான் ஓடினோம். அந்த மாதச் செலவைக் கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய 6,000 வந்தது. எனக்கே ஆச்சரியம். கார் நின்றால் உலகமே நின்றுவிடும் என்ற பயத்தில்தான் ஒவ்வொரு எஸ்டிமேட்டுக்கும் உடனே தலையாட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பயத்துக்கு ஒரு விலை தெரிந்துவிட்டது. ரிப்பேரா புதுசா என்று குழம்புகிறவர்கள் முதலில் காரே இல்லாமல் ஒரு மாதம் இருந்து பாருங்கள். சிலருக்கு அதோடு கேள்வியே தீர்ந்துவிடும். எங்களுக்குத் தீரவில்லை. ராத்திரி பத்து மணிக்கு அம்மாவுக்கு மூச்சு வாங்கியபோது மூன்று டிரைவர்கள் அடுத்தடுத்து ரத்து செய்தார்கள். கார் வேண்டும் என்பது அன்றைக்கு முடிவாகிவிட்டது. எந்தக் கார் என்பதுதான் பாக்கி.

ஆகஸ்டில் ஆர்.சி. (வண்டியின் பதிவுச் சான்று) காலாவதியாகப் போவது நினைவு வந்தது. இதில் ஊரெல்லாம் ஒரு குழப்பம் இருக்கிறது. பதினைந்து வருஷம் ஆனால் ஓட்டவே கூடாது, பிடித்து உடைத்துவிடுவார்கள் என்று ஸ்டாஃப் ரூமில் ஆளாளுக்குச் சொன்னார்கள். அந்தப் பத்து வருட டீசல், பதினைந்து வருட பெட்ரோல் கட்டுப்பாடு டெல்லி வட்டாரத்துக்கு நீதிமன்ற உத்தரவுகளால் வந்தது. தமிழ்நாட்டில் சொந்த உபயோகக் காருக்குப் பதிவு 15 ஆண்டு, அதன் பிறகு வண்டியை ஆய்வுக்குக் காட்டி ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கலாம். படிவம் 25. காலாவதிக்கு 60 நாள் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். 2022 ஏப்ரல் முதல் காருக்கான கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆகிவிட்டது, தாமதித்தால் மாதத்துக்கு 500 கூடுதல். 20 வயதைத் தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கினார்கள். பசுமை வரி தனி. ஆய்வில் லைட், பிரேக், ஹாரன் பார்ப்பதோடு சேஸிஸ் நம்பரைப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுப்பார்கள், அது தெளிவாக விழ வேண்டும். அதனால் காட்டுவதற்கு முன்னால் டிங்கரிங் (பாடித் தகட்டு வேலை) செய்து ஒரு கோட் பெயிண்ட் அடித்துவிடுங்கள் என்று பாய் ஒரு டிங்கர் மாஸ்டரிடம் அனுப்பினார்.

மாஸ்டர் பெயிண்டைப் பார்க்கவே இல்லை. முன் இடது சீட்டுக்கு முன்னால் இருந்த மேட்டைத் தூக்கி மோந்தார். "ஏசி தண்ணி உள்ள எறங்குது மேடம்" என்றார். கார்ப்பெட்டை ஓரத்தில் பிய்த்துப் புரட்டினால் அடியில் இருந்த ஸ்பாஞ்ச் ஊறிப் போய்க் கறுத்திருந்தது. ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தரையைத் தட்டிக்கொண்டே வந்தார். டங் டங் என்று கேட்டது ஓரிடத்தில் சொத் என்று கேட்டது. அங்கே கம்பியைத் திருப்பி வைத்து லேசாக அழுத்தினார், இறங்கிவிட்டது. வெளியே எடுத்ததும் அந்த ஓட்டை வழியாகத் தரையில் கிடந்த சிகரெட் துண்டு எனக்குத் தெரிந்தது. அம்மா கால் வைத்து உட்காரும் இடம் அது. ஏசியிலிருந்து தண்ணீர் வெளியேறும் சின்ன குழாய் தூசியில் அடைத்துக்கொண்டு, எத்தனையோ வருஷமாக உள்ளேயே சொட்டியிருக்கிறது. லிஃப்டில் ஏற்றிக் கீழே பார்த்தபோது கதவுகளுக்குக் கீழே ஓடும் ரன்னிங் போர்டின் உட்பக்கமும் துருப்பிடித்துச் செதில் செதிலாக வந்தது. என்றைக்கோ அடித்த அண்டர்கோட்டிங் மேலே தோல் போல நின்றுகொண்டு உள்ளே நடந்ததை மறைத்துவிட்டது. தகடு வெட்டிப் பற்றவைத்து, பெயிண்ட் அடித்துத் தர 42,000 என்றார். "போட்டுத் தரேன். ஆனா பக்கத்துல மறுபடி பூக்காதுன்னு சத்தியம் பண்ண மாட்டேன்" என்று அவராகவே சொன்னார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

யாராவது ஜனவரியிலேயே என்னிடம் சொல்லியிருக்க வேண்டியது இதுதான். பழைய காரில் இஞ்சின், கியர், ஏசி, சஸ்பென்ஷன் எல்லாவற்றையும் கழற்றி மாட்டலாம். பாடியை அப்படி மாற்ற முடியாது. துரு தரையிலும் ரன்னிங் போர்டிலும் ஏறிவிட்டால் அந்தக் காரின் ஆயுள் அதோடு எழுதப்பட்டுவிட்டது, இஞ்சின் எவ்வளவு கல்லாக இருந்தாலும். ஆனால் நாம் செலவு செய்யும் வரிசை நேர் தலைகீழாக இருக்கிறது, ஏனென்றால் கிளட்சும் ஏசியும் சத்தம் போட்டுக் கூப்பிடும், துரு சத்தமே போடாது. அதனால் பத்து வயதைத் தாண்டிய காருக்கு முதல் பெரிய எஸ்டிமேட் வரும்போதே, சரி சொல்வதற்கு முன்னால், ஒரு டிங்கரிடம் கொண்டுபோய் லிஃப்டில் ஏற்றிக் காட்டுங்கள். ஐநூறோ ஆயிரமோ கொடுத்தால் பார்த்துச் சொல்வார்கள். பாடி திடமாக இருக்கிறது, ஆர்.சி. இன்னும் சில வருஷம் இருக்கிறது, ஸ்பேர் கிடைக்கிறது என்றால் யோசிக்காமல் ரிப்பேர் செய்யுங்கள், புதுக் காருக்குக் கொடுக்கும் வட்டியைவிட அது மலிவு. பாடி போய்விட்டது என்றால் பிரேக் போன்ற உயிர் சம்பந்தப்பட்டதைத் தவிர வேறு எதற்கும் பணம் போடாதீர்கள். நடுவில் ஒரு விதியும் சொல்வார்கள், ரிப்பேர் செலவு கார் விலையில் பாதியைத் தாண்டினால் மாற்றிவிடு என்று. புதிய காருக்கு அது பொருந்தலாம். 60,000-க்கு விலைபோகும் காருக்கு நாலு டயரும் ஒரு கிளட்சும் போட்டாலே கிட்டத்தட்ட பாதி ஆகிவிடும். அதற்காக அந்த 30,000-க்கு வேறு யாராவது நமக்குக் கார் தருவார்களா?

நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து போட்ட கணக்கு இது. அதுவரை போன 72,400-ஐ வேண்டுமென்றே சேர்க்கவில்லை. இத்தனை போட்டாயிற்றே என்ற எண்ணம்தான் அடுத்த 42,000-ஐயும் பிடுங்கப் பார்த்தது. பழைய காரை வைத்துக்கொண்டால் அடுத்த ஒரு வருடத்தில் துரு வேலை 42,000, ஆர்.சி.யும் வரியும், தேய்ந்துபோன டயர்கள் 16,000, முனகிக்கொண்டிருந்த ஏசி கம்ப்ரசர், எப்படியும் 75,000-க்குக் குறையாது. மாதம் 6,000-க்கு மேல், வருட முடிவில் காருக்கு மதிப்பு கிட்டத்தட்ட பூஜ்யம். புதுக் கார் ஆன்ரோடு ஆறரை லட்சம். ஐந்து லட்சம் கடன், 9.5 சதவீத வட்டி, ஐந்து வருடம் என்றால் இ.எம்.ஐ. 10,500, வட்டி மட்டும் 1,30,000. ஆறு வருடம் கழித்து மூன்று லட்சத்துக்கு விற்றாலும் மாதம் 6,700 போல நஷ்டம். ஆறு வயதுள்ள செகண்ட் ஹேண்ட் கார் 3,60,000-க்கு வாங்கி, ஆறு வருடம் ஓட்டி, 1,20,000-க்குத் தள்ளினால் மாதம் 3,300. சர்வீஸுக்கு 1,500 தனியாக வைத்தாலும் 5,000-க்குள். இவை என் ஊகங்கள்தான், உங்கள் எண்கள் வேறாக இருக்கும். ஆனால் மூன்றையும் மாதக் கணக்காக மாற்றிப் பக்கத்தில் பக்கத்தில் எழுதாதவரை எனக்கு எதுவும் தெளியவில்லை.

ஷோரூமில் ஜூலையிலேயே "இன்னைக்கு புக் பண்ணா ஆஃபர் மேடம், நாளைக்கு இருக்காது" என்று அந்தப் பையன் விடாமல் துரத்தினான். நல்லவேளை கையில் காசில்லை. ஆகஸ்ட் 15 உரையில் ஜி.எஸ்.டி. குறையும் என்று பிரதமர் சொன்னார், செப்டம்பர் 22 முதல் சின்ன பெட்ரோல் கார்களுக்கு செஸ்ஸோடு 29 சதவீதமாக இருந்தது 18 ஆனது. அவன் சொன்ன ஆஃபரைவிட அது பல மடங்கு. பிறகு செகண்ட் ஹேண்ட் விலையும் கொஞ்சம் இறங்கியது. அவசரப்படுத்துகிறவரிடம் அவசரப்படாமல் இருப்பதற்கு ஒரே வழி, இருக்கும் வண்டியைச் சாகும்வரை ஓட்டாமல் ஓடும் நிலையிலேயே தேட ஆரம்பிப்பது. வண்டி நடுரோட்டில் நின்ற பிறகு தேடினால் யார் சொல்லும் விலைக்கும் தலையாட்டுவோம்.

செகண்ட் ஹேண்ட் பார்க்கப் போகும்போது எல்லோரும் மெக்கானிக்கைக் கூட்டிப் போவார்கள். நான் டிங்கர் மாஸ்டரைக் கூட்டிப் போனேன், ஒரு வண்டிக்கு ஆயிரம் ரூபாய் என்று பேசி. முடிச்சூர் பக்கம் ஒரு வெள்ளை வண்டி, உள்ளே புத்தம்புதுசு, சீட் கவர் பிளாஸ்டிக்கூடப் பிரிக்கவில்லை. எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. மாஸ்டர் டிரைவர் சீட் பெல்ட்டை மெதுவாக இழுத்தார், கடைசி வரை இழுத்தார். சாதாரணமாக யாரும் இழுக்காத அந்தக் கடைசி ஒரு சாண் நாடாவில், குறுக்கே நேர்கோடாக ஒரு காவி நிறக் கறை. என்னைப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை, வண்டியை விட்டு இறங்கிவிட்டார். வெள்ளத்தில் நின்ற கார். முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் எந்த அளவுக்கு நின்றது என்பது எங்கள் பகுதியில் எல்லோருக்கும் தெரியும். சீட் கவரை மாற்றலாம், வாசனை அடிக்கலாம், பெல்ட்டின் அடிப்பகுதியை யாரும் கழுவுவதில்லை. ஸ்டெப்னி வைக்கும் குழியையும் டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் ஸ்க்ரூ தலைகளையும் பாருங்கள், துரு அங்கேயும் காட்டிக்கொடுக்கும். பானெட் போல்ட் தலையில் பெயிண்ட் பெயர்ந்திருந்தால் ஒருமுறை கழற்றியிருக்கிறார்கள், ஏன் என்று கேளுங்கள். கடைசியில் ஒரு ரிட்டயர்டு தம்பதி ஓட்டிய 2019 மாடல் அமைந்தது. அரசின் பரிவாகன் தளத்தில் ஆர்.சி., பழைய அபராதங்கள், பேங்க் கடன் அடமானம் நீங்கியிருக்கிறதா என்று பார்த்தேன். கம்பெனி சர்வீஸ் ரெக்கார்டை உரிமையாளரையே கேட்டு வாங்கித் தரச் சொல்லி, அதில் இருந்த கிலோமீட்டரை மீட்டரோடு ஒப்பிட்டேன். சீட்டு எடுத்த பணம், ஒரு எஃப்.டி. இரண்டும் சேர்ந்து கடன் இல்லாமல் முடிந்தது. விலையிலேயே முழுப் பணத்தையும் போட்டுவிடாமல் ஒரு 30,000-ஐ முதல் வருட வேலைகளுக்கு என்று ஒதுக்கிவைத்தேன், டயர் இரண்டும் பேட்டரியும் அதில்தான் வந்தன.

பழைய காரை என்ன செய்வது என்பது தனி நாடகம். ஒரு புரோக்கர் 38,000 தருகிறேன் என்று வந்தார். "ஃபார்ம்ல கையெழுத்து மட்டும் போட்டுக் குடுங்க டீச்சர், பேர் மாத்துறது எங்க வேல." பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-இல் நிரப்பாமலே கையெழுத்து வாங்கிப் போய், அடுத்த ஆள் கிடைக்கும்வரை நம் பெயரிலேயே ஓட்டுவது பல இடங்களில் வழக்கம். நடுவில் விபத்து நடந்தால் இழப்பீட்டு வழக்கு ஆர்.சி.யில் பெயர் இருப்பவர் தலையில்தான் விடியும். 2018-இல் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் தீர்ப்புச் சொன்னது. விற்றுவிட்டேன் என்று துண்டுச் சீட்டைக் காட்டிப் பயனில்லை. விற்பவர் ஆர்.டி.ஓ.வுக்கு 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பதும் சட்டத்தில் இருக்கிறது. அதோடு, தரையில் ஓட்டை உள்ள காரைப் பெயிண்ட் அடித்து இன்னொரு குடும்பத்துக்குத் தள்ளுவார் என்று தெரிந்தே கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. 15,000 குறைவாக வந்தாலும் அரசுப் பதிவு பெற்ற ஸ்கிராப் மையத்துக்கே கொடுத்தேன். ஒரிஜினல் ஆர்.சி., பான் அட்டை, ஒரு ரத்து செய்த காசோலை கேட்டார்கள். எடை, நிலை பார்த்து விலை. இஞ்சினைத் தனியாக பாய் கேட்டார், ஆனால் முக்கியமான பாகத்தைக் கழற்றிவிட்டால் விலையைக் குறைப்போம் என்று மையத்தில் சொன்னதால் முழுசாகவே அனுப்பினேன். 31,400 போட்டுச் சரிசெய்த இஞ்சின், டோ வண்டியில் ஏற்றும்போது ஒரே தட்டில் ஸ்டார்ட் ஆனது. வயிறு எரிந்தது. காரை மையத்தில் ஒப்படைத்ததற்கான டெபாசிட் சான்றிதழ் கையில் வந்த பிறகுதான் கொஞ்சம் அடங்கியது, பதிவு ரத்துக்கு அதுதான் ஆதாரம். புதுக் கார் வாங்குகிறவர்களுக்கு அந்தச் சான்றிதழைக் காட்டினால் பதிவுக் கட்டணம் கிடையாது, சாலை வரிச் சலுகை மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பழைய கார் வாங்கிய எனக்கு அது உதவவில்லை.

இரண்டு சின்ன விஷயங்களை யாரும் சொல்லித்தர மாட்டார்கள். ஒன்று, இன்சூரன்சில் கிளெய்ம் கேட்காத வருடங்களுக்குச் சேரும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸ் (என்.சி.பி.) காருக்கு அல்ல, நமக்குச் சொந்தம். எனக்கு 50 சதவீதம் சேர்ந்திருந்தது. காரைக் கொடுத்ததற்கான சான்றைக் காட்டி என்.சி.பி. கடிதம் கேட்டு வாங்கினேன், மூன்று ஆண்டு வரை செல்லும். வாங்கிய காரின் பாலிசியைப் புதுப்பிக்கும்போது அதைக் கொடுத்ததில் நம் காரின் சேதத்துக்கான ஓன் டேமேஜ் பிரீமியம் பாதியாகக் குறைந்தது. ஏஜென்ட் தானாக வாயைத் திறக்கவில்லை, நான் கேட்ட பிறகுதான் "ஆமா மேடம், உண்டு" என்றார். இன்னொன்று ஃபாஸ்டேக். காரை அனுப்புவதற்கு முன்னால் ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்துவிட்டு, பேங்க் ஆப்பில் கணக்கை மூடச் சொல்லி விண்ணப்பம் போடுங்கள். மிச்சமும் டெபாசிட்டும் சேர்த்து எனக்குத் திரும்பி வந்தது 410 ரூபாய்.